தனி ஆவர்த்தனத்துக்கும் பாடகர் பெயர்தானா? ஆப்பில் கச்சேரி கேட்கும் நம் பாடு

காம்போதி_பிரியன் | ஞாயிறு, காலை 6:40

ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது, இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நேற்று இரவு பதினோரு மணிக்கு மேல் ஒரு பழைய கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தேன். காம்போதி ராகம். பாட்டு வரிகள் இல்லாமல் ராகத்தை விரிக்கிற ஆலாபனை மட்டும் பதினெட்டு நிமிஷம். பாடகர் மேல் ஷட்ஜத்தில் நின்று, காந்தாரம் வரை போய், நிதானமாக இறங்கி முடித்தார். வயலின்காரர் எடுத்தார். பாடகர் விட்ட இடத்தை அவர் தொடவே இல்லை. கீழே, மந்தர பஞ்சமத்தில், ஒரே ஒரு நீண்ட வில். அவ்வளவுதான், படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். யார் இது?

போனை எடுத்துப் பார்த்தால் கலைஞர்கள் என்ற இடத்தில் இரண்டே பெயர். பாடகர், அடுத்து தியாகராஜர். தியாகராஜர் பெயரைத் தொட்டால் அவருக்கு ஒரு பக்கம் திறக்கிறது. பிரபலமான பாடல்கள், பின்தொடர ஒரு பொத்தான், இவரைப் போன்ற கலைஞர்கள். 1847இல் சித்தியடைந்தவரும் நேற்று ஆல்பம் போட்டவரும் அந்த ஆப்புக்கு ஒன்றுதான். வயலின் யார், மிருதங்கம் யார், எந்த ஊரில், எந்த வருஷம், எதுவும் கிடையாது. ராகத்தின் பெயர்கூட இல்லை.

சரி என்று மேலே கேட்டேன். "ஓ ரங்கசாயி". "பூலோக வைகுண்டம்" என்ற வரியைத் திரும்பத் திரும்ப விரித்துப் பாடுகிற நிரவல். ஸ்வரம் முடிந்து பாடகர் பல்லவிக்குத் திரும்புகிற அந்த நொடியில் ட்ராக் முடிந்துவிட்டது. அரை விநாடி மௌனம். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வேறு ட்ராக். அந்த அரை விநாடியில் என் கையில் இருந்த தாளம் நின்றுபோனது. இருபத்தைந்து வருஷமாகத் தாளம் போட்டுக் கேட்பவன் நான், அது எவ்வளவு வலிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் மங்களம் முடிந்த கையோடு ஒரு குத்துப் பாட்டு தானாக வந்தது.

உங்களுக்கெல்லாம் எப்படி? யாராவது வழி கண்டுபிடித்திருக்கிறீர்களா?


மிச்ரசாபு | ஞாயிறு, காலை 7:15

தேடுவதே முதல் கண்டம் சார். தோடி என்று தேட ஆங்கில எழுத்தில் நாலு விதமாக அடிக்கணும். ஒவ்வொன்றுக்கும் வேற வேற பட்டியல் வருது. அதிலும் பாதி இந்துஸ்தானி தோடி. அது நம்ம சுபபந்துவராளி மாதிரி இருக்கிற ராகம், எட்டாவது மேளகர்த்தா ராகமான நம்ம தோடிக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. பைரவியும் அப்படித்தான். நம்ம பைரவி கேட்டா வடக்கத்தி பைரவி வரும், அதோட ஸ்வரங்கள் நம்ம தோடியோட ஸ்வரங்கள்! புதுசா கத்துக்கிற பசங்க குழம்பிப் போறாங்க. என் மகளே ஒரு நாள் "அப்பா, டீச்சர் சொல்லித் தந்த பைரவி தப்பா?"ன்னு கேட்டா.

கிருதி பெயரில் தேடினா இன்னொரு சிக்கல். "மரிவேரே"ன்னா சியாமா சாஸ்திரியோட ஆனந்தபைரவியா, பட்டணம் சுப்பிரமணிய ஐயரோட ஷண்முகப்ரியாவா? "ப்ரோசேவா"ன்னா தியாகராஜரோட ஸ்ரீரஞ்சனியா, வாசுதேவாச்சாரோட கமாஸா? தலைப்பில் முதல் ரெண்டு சொல் மட்டும்தான் போட்டிருப்பாங்க. முப்பது விநாடி கேட்டாத்தான் தெரியும்.

வாயால சொல்லித் தேடலாம்னு "நாட்டைக்குறிஞ்சி"ன்னேன். நாட்டுப்புறப் பாடல்கள் வந்துச்சு.


பழைய_ரசிகன் | ஞாயிறு, காலை 8:02

தம்பிகளா, கொஞ்சம் பொறுங்கள். எனக்கு வயது எழுபத்து நான்கு. என் இளமையில் நாதஸ்வரம் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்க எங்கள் தெருவில் இசைத்தட்டு இருந்த ஒரே வீட்டுத் திண்ணையில் போய் நிற்க வேண்டும். தட்டின் ஒரு பக்கம் மூன்றரை நிமிடம். திருப்பிப் போட்டால் இன்னொரு மூன்றரை. அதற்குள் தோடியை அடக்கியிருப்பார். இன்று ஒரு சினிமா டிக்கெட் காசுக்கு மாதம் முழுவதும் அரியக்குடி, செம்மங்குடி, பிருந்தா, எம்.டி. ராமநாதன் என்று படுக்கையில் இருந்தபடியே கேட்கிறோம். முழங்கால் வலியோடு சபாவுக்குப் படி ஏற முடியாத எனக்கு இது பெரிய பாக்கியம். குறை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் கிடைத்ததை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.


காம்போதி_பிரியன் | ஞாயிறு, காலை 8:30

ஐயா, வணக்கம். நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். பிருந்தா அம்மாவின் பதங்களை நானும் இந்த ஆப் வழியாகத்தான் முதலில் கேட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தத் திண்ணையில் நின்றபோது இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் ராகம் போட்டிருந்ததா இல்லையா?


பழைய_ரசிகன் | ஞாயிறு, காலை 8:41

போட்டிருந்தது. ராகம், வாத்தியம் எல்லாம் இருந்தது. அது உண்மைதான்.


யாழ்_ரசிகை | ஞாயிறு, காலை 9:20

நான் இப்ப ஸ்காபரோவில இருக்கிறன். சின்ன வயசு யாழ்ப்பாணத்தில. அப்பா பின்னேரத்தில திருச்சி வானொலியைத்தான் போடுவார், எங்களுக்கு அது நல்லாக் கேட்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னுக்கு அறிவிப்பாளர் சொல்லுவார், என்ன பாட்டு, என்ன ராகம், என்ன தாளம், இயற்றினவர் ஆர் எண்டு. கச்சேரி முடிய பக்கவாத்தியம் வாசிச்ச எல்லாற்ற பெயரையும் இன்னொருக்காச் சொல்லுவினம். நான் சங்கீத வகுப்புக்குப் போனதே இல்லை. முப்பது நாப்பது ராகம் அடையாளம் தெரியுதெண்டால் அந்த அறிவிப்பாளர்களால்தான். கேட்டுக் கேட்டு ராகத்தின்ர பெயரும் நாதமும் ஒண்டாப் போச்சு.

என்ர மகன் ஆப்பிலதான் கேட்கிறான். நல்லாக் கேட்கிறான், ரசிக்கிறான். "அம்மா, அந்த மூண்டாவது பாட்டு" எண்டுதான் சொல்லுறான். பெயர் தெரியாது. அவனில பிழை இல்லை, அவனுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.


நிரவல் | ஞாயிறு, காலை 10:05

யாழ்_ரசிகை அக்கா எழுதியதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. இந்தியாவில் இசைத்தட்டுக்குப் பதிவு செய்தவர்களில் முதன்மையானவர் கௌஹர் ஜான், 1902 நவம்பர், கல்கத்தா. பாட்டு முடிகிற இடத்தில் "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று அவரே உரக்கச் சொல்வார். பதிவுத் தட்டுகள் கப்பலில் ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய் அங்கேதான் அச்சாகும். அங்கிருப்பவருக்கு எது யாருடையது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. பாஷை தெரியாத ஒரு தொழிலாளிக்கும் பாடியவர் பெயர் போய்ச் சேர்ந்தது.


கோட்டுவாத்தியம் | ஞாயிறு, மதியம் 12:10

ஆப்காரர்களை மட்டும் திட்டிப் பயனில்லை, பாதிக் கோளாறு அதற்கு முன்னாலேயே நடக்கிறது. என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

என் குருவின் ஆல்பம் ஒன்றை நான்தான் ஏற்றினேன். நாமே நேரடியாக ஆப்பில் ஏற்ற முடியாது, நடுவில் விநியோகம் செய்யும் ஒரு நிறுவனம் இருக்கிறது, அவர்களுடைய படிவத்தை நிரப்ப வேண்டும். முதன்மைக் கலைஞர், உடன் கலைஞர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், வகை என்று கட்டங்கள். ராகத்துக்குக் கட்டம் இல்லை. தாளத்துக்கும் இல்லை. வகையில் "பக்தி" இருந்தது, "இந்தியச் செவ்வியல்" இருந்தது, இரண்டில் ஒன்றுதான் எடுக்கலாம். சரி என்று தலைப்பிலேயே கிருதி, ராகம், தாளம் மூன்றையும் எழுதி அனுப்பினேன். தலைப்பில் கூடுதல் தகவல் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராகம் கூடுதல் தகவலாம்! மூன்று முறை மின்னஞ்சல் எழுதினேன். பதில் எழுதியவர் பண்பாகத்தான் எழுதினார், ஆனால் ராகம் என்றால் என்ன என்று அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. கடைசியில் ராகத்தை எடுத்துவிட்டுத்தான் ஏற்றினேன்.

வயலின், மிருதங்கம், கடம் வாசித்தவர்களை உடன் கலைஞர் கட்டத்தில் போட்டேன். படிவத்தில் ஏறியது. ஆப்பில் பார்த்தால் சில ட்ராக்கில் பெயர் வருகிறது, சிலவற்றில் மூன்று புள்ளி தொட்டு, இன்னொரு பக்கம் போய், கீழே தள்ளிப் பார்த்தால்தான் வருகிறது. மிருதங்கக்காரர் என்னைவிட இளையவர். "அண்ணா, என் பேரைத் தேடினா இந்த ஆல்பம் வரலையே" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?


மிச்ரசாபு | ஞாயிறு, மதியம் 12:35

மிருதங்கம் கத்துக்கிற பையன் ஒருத்தன் பழனி சுப்பிரமணிய பிள்ளை வாசிப்பைக் கேக்கணும்னா என்ன பண்ணுவான்? அவர் பெயரைப் போட்டா ஒண்ணும் வராது. எல்லாம் செம்பை, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் பெயருக்குள்ள கிடக்குது. எந்தக் கச்சேரிக்கு அவர் வாசிச்சார்னு முன்னாடியே தெரிஞ்சவனுக்குத்தான் அது கிடைக்கும்.


ஓபஸ்_எண் | ஞாயிறு, பிற்பகல் 3:00

நான் மேற்கத்திய செவ்வியல் இசையும் கேட்பவன். அவர்களுக்கும் இதே அழுகை பல வருடம் இருந்தது. ஒரே சிம்ஃபனி, நூறு பதிவு, யார் நடத்தினார், எந்த வாத்தியக் குழு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. அவர்கள் கத்தினார்கள், பலன் கிடைத்தது. பெர்லினில் இருந்து இடாஜியோ வந்தது. பிரைம்ஃபோனிக் என்று இன்னொன்று வந்தது, அதை 2021 ஆகஸ்டில் ஆப்பிள் வாங்கி, 2023 மார்ச்சில் செவ்வியல் இசைக்கென்றே தனி ஆப்பாக வெளியிட்டது. இயற்றியவர், படைப்பு, ஓபஸ் எண் (படைப்புக்குப் போட்ட வரிசை எண்), நடத்துநர் என்று எதை வைத்தும் தேடலாம்.

அவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மொசார்ட்டின் படைப்புகளுக்கு 1862லேயே கோஷெல் என்பவர் எண் போட்டுப் பட்டியல் கொடுத்துவிட்டார். எண்ணைச் சொன்னால் உலகம் முழுவதும் ஒரே படைப்பு. நமக்கு அப்படி எண் கிடையாது. கிருதியின் தொடக்கமான பல்லவியின் முதல் சொற்களும் ராகமும் சேர்ந்ததுதான் நம் எண். அதில் பாதியை ஆப் வெட்டி எறிகிறது. மிச்ரசாபு சொன்ன "மரிவேரே" குழப்பம் அதனால்தான். ராகம் கூடுதல் தகவல் இல்லை, அதுதான் முகவரி. கோட்டுவாத்தியம், அடுத்த முறை அவர்களுக்கு இதையே எழுதுங்கள்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பெரிய ஆப்களில் ஒரு ட்ராக்கை முப்பது விநாடி கேட்டால் ஒரு கேட்பு. மூன்று நிமிடப் பாட்டும் ஒரு கேட்புதான், ஒரே பல்லவி வரியை வைத்து நாற்பத்தைந்து நிமிடம் விரிக்கிற ராகம் தானம் பல்லவியும் ஒரு கேட்புதான். பிரைம்ஃபோனிக் கேட்ட விநாடிகளைக் கணக்கிட்டுப் பங்கு கொடுத்தது, அதுதான் நியாயம். ஸ்பாட்டிஃபை 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1000 கேட்பாவது வராத ட்ராக்குக்குப் பதிவு உரிமைப் பங்கே கிடையாது என்று வைத்துவிட்டது. ஒரு நல்ல, நிதானமான விளம்ப காலப் பல்லவியை வருடத்துக்கு ஆயிரம் முறை யார் கேட்பார்கள்? பல்லவியை ஐந்தாக நறுக்கி ஏற்றினால் ஐந்து கேட்பு. வெட்டுபவர்களுக்குத் தாளம் தெரியாதது ஒரு பக்கம், வெட்டினால் காசு என்பது இன்னொரு பக்கம்.


மந்தர_ஸ்தாயி | ஞாயிறு, மாலை 5:45

ஸ்ருதியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

என்னிடம் ஒரு கோயில் கச்சேரியின் டேப் இருக்கிறது, பாடகரின் ஸ்ருதி ஒன்றரைக் கட்டை (கட்டை கூடினால் ஸ்ருதி உயரும்). தம்புராவோடு வைத்துச் சரிபார்த்தது. அதே கச்சேரி ஆப்பில் இரண்டரைக் கட்டையில் ஓடுகிறது! டேப்பை டிஜிட்டலாக்கிய யாரோ வேகத்தைக் கவனிக்கவில்லை. என் டேப்பில் சங்கராபரணம் 22 நிமிடம், ஆப்பில் 19 நிமிடம் 36 விநாடி. குரலே வேறு ஆளுடையது போல இருக்கிறது. கமகம் எல்லாம் அவசரமாகக் கேட்கிறது. அதைக் கேட்டு ஒரு இளைஞர், அவர் வேகமாகப் பாடுபவர் என்று வேறொரு இடத்தில் எழுதியிருந்தார். அந்த மனிதர் வாழ்க்கையில் அவசரமாக ஒரு சங்கதிகூடப் பாடியதில்லை.

ஒலி அளவைச் சமன்செய்யும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு ட்ராக்கையும் தனியாக எடுத்து ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்தால், மெல்ல ஆரம்பிக்கிற ஆலாபனையும் தனி ஆவர்த்தனத்தின் உரத்த முடிப்பான கோர்வையும் ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. ஆல்பமாக வரிசையில் கேட்டால் சில ஆப்களில் சரியாக இருக்கும். நாமே தொகுத்துக் கேட்டால் கெடும். பழைய பதிவில் இரைச்சலை நீக்குகிறேன் என்று தம்புராவின் மேல் நாதத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள், அதற்கு நம் கையில் பொத்தான் எதுவும் இல்லை.


கண்டசாபு | ஞாயிறு, இரவு 9:30

இங்கே நான் அதிகம் எழுதியதில்லை, படிப்பதோடு சரி. தலைப்பைப் பார்த்துவிட்டுக் கடந்து போக முடியவில்லை.

என் அப்பா கஞ்சிரா வாசித்தவர், கையில் பிடித்துத் தட்டுகிற சின்னத் தோல் வாத்தியம். பெரிய பெயர் இல்லை. எங்கள் பக்கத்துக் கோயில் உற்சவங்களில் வாசிப்பார், எப்போதாவது வெளியூர். 1983இல் ஒரு பெரிய வித்வானின் கச்சேரியில் வாசித்தார், அது கேசட்டாக வந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கச்சேரி இப்போது ஆப்பில் இருக்கிறது. போன மாதம் தற்செயலாகப் பார்த்தேன். தனி ஆவர்த்தனம் தனி ட்ராக், 11 நிமிடம் 42 விநாடி. கலைஞர் என்ற இடத்தில் பாடகர் பெயர் மட்டும். அந்தப் பதினொரு நிமிடமும் பாடகர் தாளம் மட்டும்தான் போட்டார்.

நாலாவது நிமிடத்தில் மிருதங்கம் நின்று கஞ்சிராவுக்கு விடுகிற இடம். அதற்குச் சற்று முன்னால், கூர்ந்து கேட்டால், மிக மெல்ல இரண்டு தட்டு கேட்கும். அப்பா தோலில் தண்ணீர் தடவிவிட்டு ஸ்ருதி இறங்கியதா என்று பார்க்கிற தட்டு. உடும்புத் தோல், விளக்குச் சூட்டில் சீக்கிரம் இறுகிவிடும். பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருப்பார், இரண்டு விரலை நனைத்து உள்பக்கம் தடவுவார். அன்று கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி வைத்தது நான்.

அம்மாவுக்கு எண்பத்தொன்று. காதில் வைத்துக் கேட்க வைத்தேன். அந்த இரண்டு தட்டு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் போனை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். "அப்பா பேர் எங்கேடா?" என்றாள்.

ஆப்புக்கு எழுதினேன், பதிவை வெளியிட்டவர்களைக் கேளுங்கள் என்றார்கள். வெளியிட்ட கம்பெனி இப்போது இல்லை. உரிமை யாரிடம் போயிற்று என்று தெரியவில்லை.


பழைய_ரசிகன் | ஞாயிறு, இரவு 9:58

கண்டசாபு, உங்கள் அம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள். காலையில் நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். கிடைத்ததற்கு நன்றி சொல்வது வேறு, வாசித்தவரின் பெயரை விட்டுவிடுவது வேறு. இரண்டையும் நான் ஒன்றாக்கிவிட்டேன்.


நிரவல் | ஞாயிறு, இரவு 10:20

கண்டசாபு அண்ணா, அந்தக் கேசட்டின் அட்டை உங்களிடம் இருக்கிறதா?

மியூசிக்பிரைன்ஸ் என்று ஒரு பொதுத் தரவுத்தளம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம். பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் காம்ப்மியூசிக் என்ற ஆய்வுத் திட்டம் 2011இல் தொடங்கியது. கர்நாடக இசையையும் எடுத்துக்கொண்டு, பதிவுகளின் விவரங்களை அதில்தான் ஏற்றினார்கள். ராகத்துக்கும் தாளத்துக்கும் அங்கே தனி இடம் உண்டு. வாசித்தவர்களையும் வாத்தியத்தோடு ட்ராக் ட்ராக்காகப் போடலாம், தனி ஆவர்த்தனத்துக்கு மிருதங்கம், கஞ்சிரா என்று. அங்கே போடுவதால் ஆப்பில் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை, மாறாது. ஆனால் அப்பாவின் பெயரைத் தேடுகிறவருக்கு ஓரிடத்திலாவது அந்தக் கச்சேரி கிடைக்கும். நான் இதுவரை என்னிடம் இருக்கிற அறுபது கேசட்டுக்குச் செய்திருக்கிறேன். அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள், நான் ஏற்றித் தருகிறேன்.


காம்போதி_பிரியன் | திங்கள், காலை 6:10

நான் கேட்ட காம்போதியை இங்கே இரண்டு பெரியவர்களுக்குத் தனிமடலில் அனுப்பியிருந்தேன். வயலின் யார் என்று இரண்டு பேரும் இரண்டு பெயர் சொல்கிறார்கள், இரண்டு பேரும் உறுதியாகச் சொல்கிறார்கள். கேசட் அட்டை யாரிடமாவது அகப்படும் வரை அந்த மந்தர பஞ்சமத்துக்குப் பெயர் இல்லை.

என் அலமாரியில் நாற்பது கேசட் இருக்கிறது. நிரவல், எனக்கும் சொல்லிக்கொடுங்கள்.


கண்டசாபு | திங்கள், இரவு 8:45

அட்டை கிடைத்தது. அம்மாவின் பீரோவில், அப்பாவின் அங்கவஸ்திரத்துக்கு அடியில். படம் இரண்டையும் கீழே இணைத்திருக்கிறேன்.

பாடகர், வயலின், மிருதங்கம், கஞ்சிரா நன்றாகத் தெரிகிறது. ராகங்கள் எல்லாம் இருக்கின்றன, ஒரு விருத்தத்துக்கு ராகமாலிகை என்று போட்டு நாலு ராகமும் வரிசையாக எழுதியிருக்கிறது. கடைசி வரியில் மோர்சிங், வாயில் வைத்து வாசிக்கிற வாத்தியம். அந்தப் பெயர் மட்டும் அட்டை மடிகிற இடத்தில் தேய்ந்துவிட்டது. முன்னால் ஊர்ப் பெயரின் "திரு" தெரிகிறது, முடிவில் "ன்" தெரிகிறது, நடுவில் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கும் ஞாபகம் வரவில்லை. ஒல்லியாக, அப்பாவைவிட இளையவர், சாப்பிட எங்கள் வீட்டுக்கு வந்தார் என்று மட்டும் சொல்கிறாள்.

இதே கேசட் வேறு யாரிடமாவது இருந்தால் கடைசி வரியைப் பார்த்துச் சொல்லுங்கள். அதுவும் தெரிந்த பிறகு ஏற்றலாம் என்று நிரவலிடம் சொல்லியிருக்கிறேன்.